கிளிப் மைக்கா, ஸ்டாண்டு மைக்கா, பிக்கப்பா: அகூஸ்டிக் கருவிக்கு எது பொருந்தும்?

வயலின், கிட்டார், புல்லாங்குழல், செல்லோ போன்ற கருவிகள் ஓர் அறையை நிரப்பும் அளவுக்கு ஒலிக்க உருவானவை. டிரம்ஸுக்கும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் பக்கத்தில் நின்று பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்ற கட்டாயம் பின்னாளில் அவற்றின் மீது வந்து சேர்ந்தது. அந்தக் கட்டாயத்தைச் சமாளிக்க மூன்று வழிகள் உள்ளன. கருவிக்கு முன்னால் ஸ்டாண்டில் ஒரு மைக்கை நிறுத்தலாம். கருவியின் மீதே சிறிய மைக் ஒன்றைக் கவ்வவைத்து மாட்டலாம். அல்லது காற்றில் வரும் ஒலியை விட்டுவிட்டு, கருவியின் உடலிலோ தந்தியிலோ எழும் அதிர்வைப் பிக்கப் கொண்டு நேரடியாக எடுக்கலாம். இவற்றுள் கிளிப் மைக் நடுவழியாகும். ஸ்டாண்டு மைக்கின் இயல்பான ஒலியும் பிக்கப்பின் பாதுகாப்பும் ஒருசேரக் கிடைக்கும் என்று நம்பி அதை வாங்குவோர் பலர். இரண்டும் அரைகுறையாகத்தான் கிடைக்கின்றன என்று பின்னர் குறைப்பட்டுக்கொள்வோரும் அவர்களேதான்.

இத்தகைய தேர்வில் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, எதில் ஒலி இயல்பாக இருக்கும் என்பது. அமைதியான அறையில் ஒப்பிட்டால் அதற்கு விடை எளிது: நல்ல இடத்தில் நிறுத்தப்பட்ட நல்ல ஸ்டாண்டு மைக்கை மற்ற இரண்டும் மிஞ்சுவதில்லை. ஆனால் மேடையில் அந்த விடைக்குப் பெரிய பயன் இல்லை. மேடையில் மைக் இருக்கும் இடத்தில் உங்கள் கருவியின் ஒலி, சுற்றியுள்ள மற்ற ஒலிகளைவிட எவ்வளவு உரத்திருக்கிறது, அதை ஒலிபெருக்கியில் எவ்வளவு உயர்த்தியாக வேண்டும் என்ற கணக்கே முதலில் பார்க்க வேண்டியது. அந்தக் கணக்கு தேறவில்லை என்றால் இயல்பான ஒலியைப் பற்றிப் பேச இடமே இருக்காது, மைக் ஊளையிட்டுக்கொண்டிருக்கும்.

தூரம் செய்யும் வேலை

சிறிய ஒலிமூலம் ஒன்றிலிருந்து மைக்கின் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், மைக்கில் விழும் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். 40 செ.மீ. தொலைவில் இருந்த மைக்கை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால், கணக்குப்படி 12 டெசிபல் கூடுகிறது. மேடை மானிட்டரிலிருந்தும் (கலைஞர்கள் தம் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி) டிரம்ஸிலிருந்தும் வரும் ஒலி அந்த இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். ஆகவே கருவி மட்டும் முன்னுக்கு வருகிறது, மற்றவை இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அதே ஒலியளவை அரங்குக்குத் தர மிக்ஸரில் (ஒலிகளைக் கலந்து அளவை ஆளும் கருவி) குறைவாக ஏற்றினால் போதும் என்பதால், ஃபீட்பேக் (ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் மைக்கில் ஏறிச் சுழன்று ஊளையாவது) தொடங்கும் எல்லையிலிருந்து அவ்வளவு தள்ளி நிற்க முடிகிறது. உண்மையில் முழு 12 டெசிபலும் கைக்கு வருவதில்லை. கிட்டாரின் மேற்பலகையோ செல்லோவின் உடலோ ஒரு புள்ளி அல்ல, அகன்ற பரப்பு. அவ்வளவு நெருக்கத்தில் தூரத்தின் விதி தளர்ந்துவிடும். இருந்தாலும் கிடைப்பது கணிசமானதுதான்.

இதைவிட முக்கியமான ஆதாயம், அந்தத் தூரம் மாறாமல் இருப்பது. ஸ்டாண்டு மைக்கிலிருந்து 30 செ.மீ.யில் நிற்கும் வயலின் கலைஞர் ஒரு நீண்ட இழுப்பின்போது உடலைத் திருப்பி 60 செ.மீ.க்கு நகர்ந்துவிட்டால் 6 டெசிபல் போய்விடும். இது வித்வான்கள் அல்லாதவர் காதிலும் தெளிவாக விழக்கூடிய வேறுபாடு. மிக்ஸரில் இருப்பவர் அதை ஈடுசெய்ய ஏற்றுவார், கலைஞர் திரும்ப முன்னால் வருவார், ஊளை கிளம்பும். கிளிப் மைக் கருவியோடு சேர்ந்தே அசைவதால் இந்தக் கண்ணாமூச்சி ஆட்டம் முடிவுக்கு வருகிறது. என் பார்வையில் கிளிப் மைக்கை வாங்குவதற்கான நியாயமான முதல் காரணம் இதுதான். ஒலித்தரம் இரண்டாவதாகவே வரும். மறுபுறம், மைக்கை நோக்கி நெருங்கியும் விலகியும் தாமே ஒலியளவை ஆளத் தெரிந்த கலைஞர்கள் உண்டு. அவர்களுக்குக் கிளிப் மைக் ஒரு விலங்கு போலத்தான். அந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி மிக்ஸரில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறது.

நெருக்கத்திற்கு ஒரு விலையும் உண்டு. எந்த அகூஸ்டிக் கருவியும் ஒரே இடத்திலிருந்து ஒலிப்பதில்லை. மேற்பலகை, துளைகள், பக்கங்கள், பின்பலகை என ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு அலைவரிசைகளை வெவ்வேறு திசைகளில் அனுப்புகின்றன; அவை எல்லாம் சிறிது தூரம் சென்று கலந்த பிறகே நாம் அறிந்த ஒலியாகின்றன. 10 செ.மீ.யில் இருக்கும் மைக்குக்கு அந்தக் கலவை எட்டுவதற்கு முன்பே ஒரு மூலை மட்டும் கேட்டுவிடுகிறது. கிளிப் மைக்கில் வயலின் சற்றுக் கூர்மையாகவும் கிட்டார் சற்றுப் பெட்டிக்குள் இருப்பது போலவும் கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் மைக்கின் தரம் அல்ல, அது பார்த்துக்கொண்டிருக்கும் மூலை. அதனால்தான் விலை உயர்ந்த கிளிப் மைக்கை மோசமான இடத்தில் மாட்டுவதைவிட, நடுத்தரமான ஒன்றைப் பத்து இடங்களில் நகர்த்திக் கேட்டுப் பார்ப்பது அதிகப் பலன் தரும்.

எல்லாத் திசையும் கேட்கும் மைக், ஒரு திசை மட்டும் கேட்கும் மைக்

கிளிப் மைக் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் அடிப்படையான ஒரு பிரிவினை இருக்கிறது. பேச்சாளர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக்குகளில் பெரும்பாலானவை எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே மாதிரி ஒலி வாங்குபவை. கருவிகளுக்கென்றே செய்யப்படுபவை பெரும்பாலும் கார்டியாய்டு அல்லது சூப்பர்கார்டியாய்டு வகை. முன்னால் வருவதைக் கேட்டு, பின்னாலோ பின்பக்கவாட்டிலோ வருவதைத் தள்ளுபவை. டிபிஏ 4099 சூப்பர்கார்டியாய்டு. ஆடியோ-டெக்னிகாவின் ஏடிஎம்350, காற்றுக்கருவிகளுக்கான ஷூர் பீட்டா 98எச்/சி ஆகியவை கார்டியாய்டு. எல்லாம் வளைகழுத்தும் கவ்வியும் கொண்டவை.

கையிலிருக்கும் காலர் மைக்கை வயலினில் மாட்டிப் பார்ப்போம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாத் திசையும் கேட்கும் மைக்குக்குச் சில நல்ல குணங்கள் உண்டு. அருகில் வைத்தாலும் அதில் அடித்தளம் (தாழ்ந்த ஒலிகள்) பருத்துவிடாது. கைபட்டாலோ ஆடினாலோ எழும் ஓசை குறைவு. ஒலியும் பெரும்பாலும் திறந்து விரிந்து கேட்கும். மானிட்டர் இல்லாத சிறு மேடையிலும், எல்லோரும் இயர்போன் வழியாகவே கேட்டுக்கொள்ளும் மேடையிலும் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் எதிரே மானிட்டர் பெட்டி இருக்கும் மேடையில், எல்லாப் பக்கங்களிலிருந்தும் பரவி வரும் ஒலியைக் கார்டியாய்டு வாங்குவதைவிடச் சுமார் 5 டெசிபல் கூடுதலாக அது வாங்கும். நெருக்கத்தால் சம்பாதித்ததில் பாதியை அங்கேயே கொடுத்துவிட்டதாகும்.

திசை மைக்குகளின் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சூப்பர்கார்டியாய்டு மைக் மிகக் குறைவாகக் கேட்பது நேர் பின்னால் அல்ல, முன்னச்சிலிருந்து சுமார் 126 பாகை விலகிய திசையில். கார்டியாய்டுக்கு அது நேர் பின்புறம், 180 பாகை. ஸ்டாண்டு மைக்கில் அந்தச் செவிட்டுத் திசையை அறிந்து மானிட்டரை அங்கே வைத்துவிட்டால், நிகழ்ச்சி முழுவதும் அது அப்படியே இருக்கும். கிளிப் மைக்கிலோ கலைஞர் திரும்பும்போதெல்லாம் அந்தத் திசையும் அவரோடு திரும்புகிறது. மானிட்டரை எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஏதோ ஒரு கணத்தில் மைக் அதை நேருக்கு நேர் பார்த்துவிடும். எனவே தூரம் தந்த ஆதாயத்தை முழுவதும் மிக்ஸரில் செலவழித்துவிடாமல், அதில் ஒரு பங்கை இப்படிப்பட்ட கணங்களுக்காக மீதம் வைத்திருப்பதே அறிவுடைமை.

திசை மைக்குகள் நெருக்கத்தில் அடித்தள ஒலியை இயல்புக்கு மீறி ஊதிக் காட்டும். கருவிக்கென்று செய்யப்பட்ட கிளிப் மைக்குகளை வடிவமைக்கும்போதே இதற்குச் சற்று ஈடுகட்டியிருப்பார்கள். மற்றவற்றில் மிக்ஸரின் லோ-கட்டை (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வசதி) தயங்காமல் பயன்படுத்த வேண்டும். வயலினின் மிகத் தாழ்ந்த சுரம் 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வருவதெல்லாம் மேடைத் தளத்தின் அதிர்வும் பேஸ் கிட்டாரும்தான். அவற்றை வெட்டி எறிவதில் நட்டமில்லை.

பிக்கப் எங்கே வெல்கிறது

பீசோ பிக்கப் காற்றைக் கேட்பதில்லை. தான் ஒட்டப்பட்டிருக்கும் மரத்தின் அல்லது பிரிட்ஜின் (தந்திகளைத் தாங்கி நிற்கும் பாலம்) அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றுகிறது. பக்கத்தில் டிரம்ஸ் முழங்கினாலும் அதன் ஒலி பிக்கப்பில் மிகக் குறைவாகவே ஏறும். உரத்த இசைக்குழுவில் இதற்கு ஈடாக எந்த மைக்கும் நிற்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். பிக்கப்பில் ஃபீட்பேக்கே வராது என்பது மட்டும் தவறான நம்பிக்கை. ஒலிபெருக்கியின் அலை கருவியின் பலகையை அசைக்கிறது, பலகை பிக்கப்பை அசைக்கிறது, சுழற்சி தொடங்குகிறது. உட்குழிவான உடல் கொண்ட கிட்டாரில் இது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய காற்று ஒத்ததிர்வில் (உடலுக்குள் இருக்கும் காற்று தானே ஓங்கி அதிரும் அலைவரிசை) ஒரு கனத்த முனகலாகக் கிளம்பும். துளையை ரப்பர் மூடியால் அடைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பீசோவுக்கு எதிரான வழக்கமான புகார் அதன் ஒலிதான். பிரிட்ஜில் தந்திகள் அமரும் சிறு பட்டைக்கு அடியில் இருக்கும் பிக்கப், தந்தியை அழுத்தி மீட்டும்போது முதல் தாக்கத்தை மிகைப்படுத்திக் காட்டும். பிளாஸ்டிக் தட்டைத் தட்டியது போன்ற கடினம் தொனிக்கும். இதில் பாதிக் குற்றம் பிக்கப்புடையது, மீதிப் பாதி அதை இணைக்கும் முறையுடையது. பீசோவின் மின்தடை மிக அதிகம். அதை மிக்ஸரின் சாதாரண லைன் உள்ளீட்டில் நேராகச் செருகினால் அடித்தளம் கரைந்து, கீச்சென்ற மேற்பகுதி மட்டுமே மிஞ்சும். குறைந்தது ஒரு மெகா ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட ப்ரீ-ஆம்ப்போ (முன்பெருக்கி) அதற்கேற்ற டிஐ பெட்டியோ (கருவியை மிக்ஸருக்கு ஏற்றபடி இணைக்கும் பெட்டி) நடுவில் இருந்தால், ‘பிக்கப் ஒலி’ என்று வெறுக்கப்படுவதில் கணிசமான பகுதி காணாமல் போகும். காந்தப் பிக்கப் இரும்புத் தந்தி கொண்ட கருவிகளுக்கு மட்டுமே உதவும். நைலான் தந்திக் கிட்டாரில் அதற்கு வேலை இல்லை. காற்றுக்கருவிகளில் பிக்கப் என்ற வழியே பெரும்பாலும் கிடையாது. அங்கே போட்டி இரண்டு வகை மைக்குகளுக்கு இடையில் மட்டுமே.

கருவி வாரியாக

வயலினுக்கும் வியோலாவுக்கும் கிளிப் மைக் இயல்பாகவே பொருந்துகிறது. கலைஞர் நின்று, அசைந்து வாசிக்கிறார். கருவி தோளோடு சேர்ந்து நகர்கிறது. ஸ்டாண்டு மைக் வில்லுக்கும் கண்ணுக்கும் குறுக்கே நிற்கிறது. கவ்வியைக் கருவியின் விளிம்பிலோ, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தந்திப் பகுதியிலோ மாட்டுவது வழக்கம். பிரிட்ஜின் மீது மட்டும் எதையும் மாட்டக் கூடாது. அங்கே ஏறும் சில கிராம் எடைகூட ஒலியை மழுங்கச் செய்யும். வயலின் கலைஞர்கள் ஒலியைத் தணிக்க வேண்டுமென்றே பயன்படுத்தும் மியூட் அந்த வேலையைத்தான் செய்கிறது. மைக்கின் முகத்தை எஃப் வடிவத் துளைக்கு நேராகத் திருப்பினால் 270, 280 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள காற்று ஒத்ததிர்வு தூக்கலாக வந்து ஒலி குடத்துக்குள்ளிருந்து வருவது போலாகும். பிரிட்ஜுக்கு மிக அருகில் நேராகத் திருப்பினால் வில்லின் உராய்வு முன்னுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே, பிரிட்ஜுக்கும் விரற்பலகையின் முனைக்கும் இடைப்பட்ட வெளியைச் சாய்வாகப் பார்க்கும்படி வைத்துத் தொடங்குவது நல்லது. வில் முழு வீச்சில் போய்வரும்போது வளைகழுத்தில் இடிக்கிறதா என்பதை எல்லாத் தந்திகளிலும் வாசித்துப் பார்த்துவிட வேண்டும்.

கிட்டாரில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. ஸ்டாண்டு மைக்குக்குப் பலராலும் பரிந்துரைக்கப்படும் இடம், கழுத்து உடலோடு சேரும் பகுதியை நோக்கிய 20 முதல் 30 செ.மீ. தொலைவு. உடலின் விளிம்பில் கவ்வும் கிளிப் மைக்கின் குட்டைக் கழுத்து பெரும்பாலும் அதுவரை எட்டாது. துளைக்கும் பிரிட்ஜுக்கும் இடையிலேயே நின்றுவிடும். துளையை ஒட்டிய இடத்தில், முன்பு சொன்ன 100 ஹெர்ட்ஸ் முனகல் மைக்குக்கும் கேட்கும். தனியாகவோ ஒரு பாடகரோடோ விரல்களால் மீட்டி வாசிப்பவருக்கு, துளையிலிருந்து விலக்கிப் பிரிட்ஜின் பின்பகுதியை நோக்கி வைத்த கிளிப் மைக் அழகான ஒலியைத் தரும். டிரம்ஸோடு சேர்ந்து தாளமாக மீட்டுபவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பிக்கப்தான் சரி. அந்த இரைச்சலில் கிட்டாரின் மரத்தொனியைக் காதால் பிரித்தறிய எப்படியும் வாய்ப்பில்லை.

சாக்ஸபோனும் டிரம்பெட்டும் தாமே உரத்தவை என்பதால் ஊளையைப் பற்றிய கவலை குறைவு. அங்கே கிளிப் மைக் நடமாட்டச் சுதந்திரத்துக்காகவே மாட்டப்படுகிறது. மிக உரத்த ஒலியைச் சிதைக்காமல் தாங்கும் மைக்காக இருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. சாக்ஸபோனின் விரிந்த மணிவாய்க்குள் நேராகப் பார்க்கும்படி வைத்தால், எல்லாத் துளைகளும் மூடியிருக்கும் கடைசித் தாழ்சுரங்கள் மட்டும் திடீரென்று வெடித்துவரும். காரணம், மற்ற சுரங்கள் கணிசமாகப் பக்கத் துளைகளிலிருந்து வருகின்றன. வளைகழுத்தைச் சற்றுப் பின்னிழுத்து மணிவாயையும் சாவிகளையும் சேர்த்துப் பார்க்கும்படி திருப்பினால் அது சமனாகும். ஆனால் சாவிகளின் டக்டக் ஓசை சிறிது கூடும். இரண்டில் எது தொல்லை என்பது வாசிக்கும் இசையைப் பொறுத்தது. புல்லாங்குழலில் ஒலி ஊதுதுளையிலிருந்தும் திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. மூச்சுக் காற்று நேராகப் படாத கோணத்தில் ஊதுதுளையின் அருகே வைக்க வேண்டும். மெல்லிய குழலில் எடையை ஏற்றுவதைவிடக் கலைஞரின் தலையில் அணியும் ஹெட்செட் வகை மைக்கைக் கன்னத்தருகே அமர்த்துவது பல சமயம் மேலானது.

அமர்ந்து வாசிக்கும் கருவிகளில் கணக்கு வேறாகிறது. மிருதங்கம், தபலா, வீணை ஆகியவற்றை வாசிப்பவர் நகர்வதில்லை. மாறாத தூரம் என்ற கிளிப் மைக்கின் முதன்மை ஆதாயம் அங்கே ஸ்டாண்டிலேயே கிடைத்துவிடுகிறது. மிருதங்கத்தின் இரு முகங்களும் எதிரெதிர்த் திசைகளில் ஒலிப்பதால் ஒன்றில் மாட்டிய கிளிப் மைக் மற்றதைச் சரியாகக் கேட்காது. எனவே குட்டை ஸ்டாண்டில் இரண்டு மைக்குகள் என்பதே நேர்மையான வழி. செல்லோவும் அமர்ந்து வாசிப்பதுதான் என்றாலும், பெரிய உடலும் உரத்த குழுவும் சேரும்போது நெருக்கத்திற்காகக் கிளிப் மைக்கை நாட வேண்டியிருக்கும். டபுள் பாஸுக்கு உரத்த மேடையில் பிக்கப் ஒன்றே வழி. அக்கார்டியனில் துருத்தி விரிய விரிய இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போவதால், இருபுறமும் ஒட்டிய மைக்குகள் இல்லாமல் சமநிலை கிடைக்காது. பியானோவைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது.

மின்சாரமும் கம்பியும்

கைவிரல் நகமளவே உள்ள இந்த மைக்குகள் சாத்தியமானதற்கு எலெக்ட்ரெட் தொழில்நுட்பம் காரணம். 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தவை அவை. நிலையான மின்னூட்டம் மைக்குக்குள்ளேயே இருப்பதால் ஒலிக்கு அதிரும் தகட்டுக்கென்று வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் தர வேண்டியதில்லை. உள்ளிருக்கும் சிறு பெருக்கிக்கு மட்டும் சில வோல்ட் வேண்டும். கம்பி வழியாகப் பயன்படுத்தினால் மிக்ஸரின் 48 வோல்ட் பேண்டம் பவரை (மைக்கின் கம்பி வழியாகவே மிக்ஸர் அனுப்பும் மின்சாரம்) அடாப்டர் ஒன்று அந்த அளவுக்கு இறக்கித் தரும். வயர்லெஸ்ஸில் இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டரே தந்துவிடும். இங்கே வாங்குபவர் ஏமாறும் இடம் செருகி. ஒவ்வொரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டருக்கும் செருகி வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். மைக்கைத் தேர்ந்துவிட்டு வயர்லெஸ்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், இரண்டையும் சேர்த்தே தீர்மானிப்பது நல்லது. செல்பேசிக்கும் கேமராவுக்கும் உரிய 3.5 மி.மீ. செருகி கொண்ட மலிவான காலர் மைக்கை மிக்ஸரில் மாற்றுச் செருகி போட்டுச் செருகினால் அதற்கு வேண்டிய மின்னழுத்தம் கிடைக்காது. பேண்டம் பவர் நேராகப் பாய்ந்தால் கெட்டும் போகலாம்.

சிறிய தகட்டுக்கு இன்னொரு இயற்கைக் குறை உண்டு: தன்னிரைச்சல். நல்ல ஸ்டாண்டு கண்டென்சர் மைக்கின் இரைச்சலைவிட இவற்றின் இரைச்சல் பெரும்பாலும் 10 டெசிபல் அளவுக்குக் கூடுதலாக இருக்கும். மேடையில் இதை யாரும் உணரப்போவதில்லை. மெல்லிய தனி வாசிப்பை அமைதியான அறையில் ஒலிப்பதிவு செய்தால் உஸ்ஸென்ற படலமாகத் தெரியும். ஆகவே ஒரே மைக்கை மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர், பதிவையே அதிகம் செய்பவரானால், ஸ்டாண்டு மைக்கின் பக்கம் சாய்வதே நல்லது.

கம்பி மிக மெல்லியது. முதலில் கெட்டுப்போவதும் அதுதான். கவ்வியின் அருகே ஒரு சிறு வளையம் விட்டுப் பிடிமானம் தந்தால் இழுப்பு மைக்கின் கழுத்துக்குப் போகாது. உரசல் ஓசையும் குறையும். கம்பியைத் தனியே மாற்றிக்கொள்ளக்கூடிய மாதிரிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். கவ்வியின் ரப்பர் தேய்ந்து உலோகம் வார்னிஷைத் தொடும் நிலை வருவதற்கு முன்பே அதை மாற்றிவிட வேண்டும். பழைய வயலின் வைத்திருப்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்த்தால்

பிக்கப்பையும் கிளிப் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்துவது அனுபவசாலிகளின் வழி. அடித்தளத்தையும் உறுதியையும் பிக்கப்பிலிருந்தும், காற்றோட்டமான மேற்பகுதியை மைக்கிலிருந்தும் எடுப்பது இதன் தத்துவம். ஃபீட்பேக்குக்கு எளிதில் இடங்கொடுக்கும் தாழ்ந்த அலைவரிசைகளை மைக்கிலிருந்து வெட்டிவிடுவதால், தனியாக இருக்கும்போது தாங்காத ஒலியளவையும் அது தாங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது நேர வேறுபாடு. பிக்கப் அதிர்வை உடனே எடுக்கிறது, 10 செ.மீ. தள்ளியிருக்கும் மைக்குக்கு அதே ஒலி சுமார் 0.3 மில்லி விநாடி பிந்தி வருகிறது. இரண்டையும் சம அளவில் கலந்தால் 1700 ஹெர்ட்ஸை ஒட்டி ஒன்றையொன்று அழிக்கும்; மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியை நெருங்கிய இடத்தில் ஒரு பள்ளம் விழும். பிக்கப்பின் முனைமையும் (அலை எழும்போது சமிக்ஞை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது) மைக்கின் முனைமையும் எதிரெதிராக இருந்தால் அடித்தளமே மெலிந்துவிடும். எனவே முனைமையைத் திருப்பும் பொத்தானை இரு நிலைகளிலும் அழுத்திக் கேட்டு, கனமாக ஒலிப்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். டிஜிட்டல் மிக்ஸரில் பிக்கப்பின் தடத்துக்கு அந்த 0.3 மில்லி விநாடித் தாமதத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். இதையெல்லாம் செய்ய மிக்ஸரில் ஆள் இருக்க வேண்டும். ஆளில்லாமல், வாசிப்பவரே ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டு வாசிக்கும் நிகழ்ச்சிகளுக்கு இந்தக் கூட்டு வேண்டாம். அங்கே பிக்கப்பும் நல்ல ப்ரீ-ஆம்ப்பும் தரும் நிம்மதி பெரியது.

எப்போது எதை

அமைதியான அரங்கில், ஒன்றிரண்டு அகூஸ்டிக் கருவிகள் மட்டும், மானிட்டர் இல்லாமலோ மிகக் குறைந்த மானிட்டரோடோ ஒலிக்கும்போது ஸ்டாண்டு மைக்கைவிட்டு வேறெதற்கும் போக வேண்டியதில்லை. 1965-லிருந்து புழக்கத்தில் இருக்கும் ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கேகூடப் போதுமானது. சிறு தகட்டுக் கண்டென்சர் இன்னும் நுணுக்கம் தரும். கலைஞர் நிலையாக நிற்கப் பழகியவராக இருந்தால் கிளிப் மைக்கின் ஆதாயங்கள் ஏறக்குறைய அனைத்தும் அங்கே வீண்தான்.

கலைஞர் நகர்கிறார், மேடையில் மிதமான ஒலி இருக்கிறது, மிக்ஸரில் விவரமறிந்த ஒருவர் இருக்கிறார் என்ற மூன்றும் கூடிவரும் இடமே கிளிப் மைக்கின் சொந்த இடம். நாடக மேடையோடு சேர்ந்த இசைக்குழு, நின்று வாசிக்கும் தந்திக் கருவிக் குழு, காற்றுக்கருவிப் பகுதி ஆகியவை இதில் அடங்கும். குழுவில் பலருக்கும் தனித்தனிக் கிளிப் மைக் மாட்டும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஊளைக்கு முன் கிடைக்கும் இடைவெளி சுமார் 3 டெசிபல் சுருங்குகிறது. நான்கு வயலின்களுக்கு நான்கு மைக் என்றால், ஒன்றோடு ஒப்பிட 6 டெசிபல் போய்விட்டது. வாசிக்காதவருடைய மைக்கை அடைத்துவைப்பது இங்கே சோம்பலுக்கு இடமில்லாத வேலை.

டிரம்ஸும் பேஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்த உரத்த மேடையில் தந்திக் கருவிகளுக்குப் பிக்கப், அல்லது பிக்கப்பை முதலாகவும் கிளிப் மைக்கைத் துணையாகவும் கொண்ட கூட்டு. எல்லோரும் இயர்போனில் கேட்டுக்கொள்ளும் குழுவாக இருந்தால், மானிட்டர் பெட்டிகள் இல்லாததால் கிளிப் மைக்கின் எல்லை நன்றாக விரிகிறது. அப்போதும் டிரம்ஸின் கசிவு மட்டும் மைக்கில் இருந்துகொண்டே இருக்கும்; தடுப்புப் பலகை வைத்தோ டிரம்ஸை விலக்கியோ அதைக் குறைக்கலாமே ஒழிய மிக்ஸரில் திருகி நீக்க முடியாது.

எதை வாங்கினாலும், வாங்குவதற்கு முன் இரவலாகவோ வாடகைக்கோ எடுத்து, வீட்டு அறையில் அல்லாமல், உங்கள் குழு வழக்கமாக ஒலிக்கும் அளவில் ஒரு முழு ஒத்திகையில் மாட்டிப் பாருங்கள். மிக்ஸரில் ஒலியை மெல்ல ஏற்றி முதல் ஊளை எங்கே கிளம்புகிறது என்று பார்த்து, அந்த அலைவரிசையை மட்டும் ஈக்வலைசரில் (அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) குறுகலாக இறக்கி, மீண்டும் ஏற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை இறக்கிய பிறகும் தேவையான ஒலியளவு எட்டவில்லையானால் ஈக்வலைசரோடு மேலும் மல்லுக்கட்ட வேண்டாம். மைக்கின் இடத்தையோ மானிட்டரின் இடத்தையோ மாற்றுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால், அந்த மேடைக்கு வேண்டியது பிக்கப்.